கார்ட் வரட்டும், பிறகு பார்ப்போம்

என் ராசாவுக்கு,

நீ கீழே பேஸ்மென்றில் பெட்டிகளை மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறாய். நான் மேலே சாப்பாட்டு மேசையில் இருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பிள்ளைக்குக் கடிதம் எழுதும் தகப்பன் இந்த ஸ்காபரோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் உனக்கு என்னைத் தெரியும். நேரில் கதைக்கத் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே உன் காரின் ரயர்களைப் பற்றியோ, நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் பொலிஸ் நிற்கும் என்பதைப் பற்றியோ கதைக்கப் போய்விடுவேன். நாளை காலையில் நீயும் மருமகள் வதனியும் மிச்சிகனுக்குப் புறப்படுகிறீர்கள். உன்னுடைய அமெரிக்கக் கிறீன் கார்ட் உன்னிடம் இருக்கிறது. அவளுடைய விசாவும் மொன்றியலில் இருந்து வந்துவிட்டது. இந்தப் பயணத்துக்காக எத்தனை பேர் எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று யோசித்தபோது, உனக்குச் சொல்லாமல் விட்ட சில விஷயங்கள் மனதில் வந்து நின்றன. அவற்றைச் சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

நான் கனடாவுக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருடமே உன்னையும் அம்மாவையும் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அகதி விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து கிடந்த காலம் அது. விசாரணைக்கு ஒரு திகதி தருவார்கள், பிறகு தள்ளிப்போடுவார்கள். அங்கே யாழ்ப்பாணத்தில் பாதையைத் திறப்பார்கள், பூட்டுவார்கள். இப்படியே ஐந்து வருடம் போய்விட்டது. நீங்கள் வந்து இறங்கிய அன்று உனக்காக வாங்கிய குளிர்ச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றேன். சனம் வந்துகொண்டே இருந்தது. நான் ஒரு சின்னப் பெடியனைத் தேடிக்கொண்டிருந்தேன். மீசை அரும்பிய, என்னைவிட உயரமான ஒருவன் பெட்டிகள் ஏற்றிய வண்டிலோடு எனக்கு முன்னால் வந்து நின்றான். நான் அவனுக்கு வழிவிட்டு விலகினேன். பின்னால் வந்த அம்மாதான், "இஞ்சாருங்கோ, எங்கை பாக்கிறியள்? உவன்தான் உங்கடை மகன்" என்றாள்.

குளிர்ச் சட்டை வாங்கப் போனபோது, கடைக்காரி வயதைக் கேட்டதற்குப் பதினேழு என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் சட்டையைத் தூக்கி அளவு பார்த்தபோது என் கண்ணில் நின்றது நான் விட்டுவிட்டு வந்த பிள்ளை. சட்டையின் கை உன் முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை அதைக் கழற்றாமல் இருந்தாய். உன்னைப் பற்றி நான் புதிதாக அறிந்துகொண்ட முதல் விஷயம் அதுதான். இவன் ஒருவருடைய மனத்தையும் நோகவிடமாட்டான் என்று நினைத்து அன்றைக்கு உருகிப்போனேன். அந்த நல்ல குணத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சொன்னால் நோகும் என்று நினைப்பதை நீ சொல்லவே மாட்டாய்.

நான் அதுவரை இருந்த பிளாட்டுக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் தரையில் ஒரு மெத்தை, சாப்பிட ஒரு பீங்கான், சமைக்க ஒரு சட்டி. யன்னலுக்குத் திரைச்சீலை இல்லை, பழைய பேப்பர் ஒட்டியிருந்தேன். கையில் காசு இல்லாமல் அப்படி இருக்கவில்லை. நீங்கள் வந்த பிறகு எல்லாம் வாங்கலாம், தனி ஆளுக்கு என்ன கதிரை, என்ன மேசை என்று இருந்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு வருசமும் இப்பிடியோ இருந்தனீங்கள்?" என்று கேட்டு அழுதாள். சண்டைக்குள்ளால் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தவள், வழியில் எங்கும் அழாதவள், என்னுடைய அந்த ஒற்றைப் பீங்கானைப் பார்த்து அழுதாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. சிக்கனமாக இருந்ததற்கு யாராவது அழுவார்களா என்று நினைத்தேன்.

பிறகு நீ படித்தாய், பட்டம் எடுத்தாய், மிச்சிகனில் கார்த் தொழிற்சாலைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யும் கொம்பனியில் சேர்ந்தாய். கனடாக்காரர் என்றபடியால் எல்லையிலேயே வேலை அனுமதி கொடுத்துவிட்டார்கள். கொம்பனியே உனக்குக் கிறீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் என்று நீ ரெலிபோனில் சொன்ன அன்று, விமான நிலையச் சமையல்கூடத்தில் என்னோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லி முடித்துவிட்டேன். ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை வருடம் என்று நாங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம்.

முதல் படிதான் அம்மாவைப் படாத பாடு படுத்தியது. அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் ஒருவரும் கிடைக்கவில்லை என்று கொம்பனி நிரூபிக்க வேண்டுமாம். அதற்காக உன்னுடைய வேலையையே பேப்பரில் விளம்பரம் போட்டார்கள். நீ அதை வெட்டிக்கொண்டு வந்து சிரித்துச் சிரித்துக் காட்டினாய். அம்மா சிரிக்கவில்லை. "ஆரும் கெட்டிக்காரன் எழுதிப் போட்டா என்ன செய்யிறது? வேலையும் போய், கார்ட்டும் போய்" என்றாள். தகுதியான அமெரிக்கர் ஒருவருடைய கண்ணிலும் அந்தப் பேப்பர் படக்கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தப் படிக்கே ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிறகு கொம்பனியின் மனு. பிறகு உன்னுடைய சொந்த விண்ணப்பம். கனடாப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். ஊரில் எரிந்துபோன பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் எடுக்க நான் கொழும்பில் உள்ளவர்களுக்கு எத்தனை தரம் ரெலிபோன் அடித்தேன் என்று நீ அறியமாட்டாய். வலது காது தெரியும்படி படம் எடுக்க வேண்டும் என்று படக்கடையில் நீ தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இடையில் கொம்பனி உனக்குப் பெரிய பொறுப்பு ஒன்று தர வந்தது. வேலையின் தன்மை மாறினால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வரலாம் என்று கொம்பனியின் லோயர் சொன்னபடியால் நீ அதை வேண்டாம் என்றாய். உனக்குக் கீழே இருந்தவன் உனக்கு மேலே போனான். நீ அதையும் எங்களுக்கு நெடுநாள் சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒரு தரம் அம்மாவும் நானும் உன்னிடம் வந்து நின்றோம். உன் பிளாட்டின் கதவைத் திறந்ததும் என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. தரையில் மெத்தை. ஒரு பெட்டிக்கு மேலே கம்ப்யூட்டர். யன்னலில் படுக்கை விரிப்பு ஒன்றை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாய். "கதிரை ஒண்டு வாங்கினா என்ன தம்பி?" என்று அம்மா கேட்க, "கார்ட் வரட்டும் அம்மா, பிறகு பாப்பம்" என்றாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை விளங்காதவன் போல, "அவன் சொல்லுறது சரிதானே" என்றேன். அது மட்டுமா? நீயும் வதனியும் படிக்கிற காலத்திலேயே மனம் ஒத்துப்போனவர்கள். இரண்டு வீட்டாரும் சம்மதித்து மோதிரமும் மாற்றியாகிவிட்டது. அவளுடைய தகப்பன், மட்டக்களப்பு மனிதர், ஆட்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவர், நாகரிகமாக வந்து திகதியைப் பற்றிக் கேட்டபோது, நான் பெரிய மனிதன் போல, "கார்ட் கைக்கு வரட்டும் அண்ணை. ஒரு பிடிப்பு வந்தாப் பிறகு கலியாணத்தை வைப்பம்" என்றேன். கலியாணத்தை இடையில் வைத்தால் விண்ணப்பம் குழம்பிவிடும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. நானேகூட நினைத்திருக்கலாம்.

கடைசிப் படிக்கு விண்ணப்பித்த பிறகு உன் சனிக்கிழமை வரவுகள் நின்றுபோயின. பயண அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் அமெரிக்காவை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கெடுத்துவிடுவார்களாம். நாலைந்து மணித்தியாலம் ஓடினால் வந்துவிடக்கூடிய பிள்ளை, நிலவில் இருப்பவன் போல ஆகிவிட்டான். அந்த ஐப்பசியில்தான் நான் வதனியைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் புறப்பட்டேன். அம்மாவுக்கு அன்றைக்கு வேலை. வர முடியாத கவலையை எல்லாம் அவள் காரின் பின்பக்கத்தில் அடுக்கிவிட்டாள். புட்டுப் பானை, இடியப்ப உரல், சில்வர்ப் பாத்திரங்கள், தைத்து முடித்த திரைச்சீலைகள், தலையணைகள். "அவன் வாங்க மாட்டான். நாங்கள்தான் குடுக்கவேணும்" என்றாள்.

எல்லையில் நடந்ததை உனக்குச் சுருக்கமாகத்தான் சொன்னோம். சாளரத்துக்குள் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மகனைப் பார்க்க என்றேன். இந்தப் பெண் யார் என்றார். நான் வாயைத் திறக்குமுன் வதனி, "நான் அவரைக் கலியாணம் செய்யப் போகிறவள்" என்றாள். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பின்பக்கத்தைத் திறந்தார்கள். அவர் இடியப்ப உரலைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார். மாவு பிழியும் சாமான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பப் போகிறவருக்கு இத்தனை பானை எதற்கு?" என்று அவர் கேட்டார். வதனி அங்கேயே குடியேறப் போகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவளை உள்ளே விட முடியாது என்று சொல்லி, வந்த வழியே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

வின்ஸரில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தி, காசு போடும் ரெலிபோனில் உன்னைக் கூப்பிட்டேன்.

"தம்பி, எங்களை விடயில்லை."

"என்னப்பா? ஏன்?"

"கொம்மா குடுத்துவிட்ட பானையளாலை."

"வதனி எங்கை?" என்று நீ கேட்டாய்.

"பக்கத்திலைதான் நிக்கிறா."

"அப்ப நான் வாறன்."

"எங்கை வாறாய்? இஞ்சாலை வந்தா எல்லாம் முறிஞ்சுபோம் எண்டு லோயர் சொன்னவரெல்லோ?"

"ஆத்தங்கரைக்கு வாறன் அப்பா. இந்தப்பக்கத்து ஆத்தங்கரைக்கு. நீங்கள் அந்தப்பக்கத்திலை, உயரக் கட்டடங்களுக்கு நேரை வந்து நில்லுங்கோ."

எல்லையில் ஓடும் அந்த ஆற்றுக்கு அக்கரை டெட்ரோயிற், இக்கரை வின்ஸர். வெயில் இருந்தது. காற்று காதை அறுத்தது. அக்கரையில் நடமாடும் மனிதர்கள் எறும்பு போலத்தான் தெரிந்தார்கள். இதில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சலித்துக்கொண்டிருந்தபோது, வதனி என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அங்கை! வெள்ளையாய் ஒண்டு ஆடுது!"

"அது ஏதும் கொடியாக்கும் பிள்ளை."

"கொடி இப்பிடிக் குதிக்குமே மாமா?"

அந்தக் குளிரில் நீ சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு நின்றாய். நாங்கள் கை காட்டியது உனக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. வதனி காருக்கு ஓடினாள். ஒரு பாத்திரத்தின் சில்வர் மூடியை எடுத்துக்கொண்டு வந்து, வெயிலுக்குப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒளி தண்ணீரில் விழுந்தது, பிறகு எங்கோ போனது. திடீரென்று அந்த வெள்ளை அசையாமல் நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றது. வதனி சத்தம் போட்டுச் சிரித்தாள். நாயோடு நடந்து போன ஒரு வெள்ளைக்கார அம்மாவும் எங்களோடு நின்று கை காட்டிவிட்டுப் போனார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. நீ காருக்குத் திரும்பிப் போன பிறகும் அவள் மூடியை இறக்கவில்லை.

அம்மா உனக்குக் கட்டித் தந்த இடியப்பத்தையும் இறைச்சிக் கறியையும் நாங்கள் இருவரும் காருக்குள் இருந்து சாப்பிட்டோம். அப்போது வதனி சொன்னதை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை. "மாமா, எனக்கு அந்தக் கார்டிலை கோபம் இல்லை. ஆனா எல்லாரும் அதுக்குப் பிறகு பாப்பம், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லேக்கை, இப்ப இருக்கிற நான் ஆர் எண்டு யோசிக்கிறனான்" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கறியில் உறைப்புக் கூட என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். என் பழைய பிளாட்டில் அம்மா எதற்காக அழுதாள் என்பது வின்ஸரில், அந்தக் காருக்குள் வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டு, இப்போது கலியாணம் செய்தால் விண்ணப்பத்துக்கு என்ன நடக்கும் என்று லோயரிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நீ ரெலிபோன் எடுத்தபோது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "அப்பா, நாங்கள் எல்லாத்தையும் தலைகீழாய் விளங்கி வைச்சிருக்கிறம்" என்றாய். கார்ட் வருவதற்கு முன் கலியாணப் பதிவு நடந்தால், மனைவியும் உன்னுடைய விண்ணப்பத்தின் கீழேயே வந்துவிடலாம். கார்ட் வந்த பிறகு கட்டினால் அவள் வேறு ஒரு வரிசையில், அதுவும் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். "உங்களை ஆர் காத்திருக்கச் சொன்னது?" என்று லோயர் கேட்டாராம். நீ பதில் சொல்லவில்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி. ஆனால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த பிழையை நானே ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்த வேண்டியிருந்தது. எல்லோரையும்விடப் பெரிய சங்கடம் அம்மாவுக்கு. கார்ட் பிந்தாமல் கெதியாக வரவேண்டும் என்று வைத்த நேர்த்திக்கடனை மாற்ற அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். "பிள்ளையாரே, வேண்டாம் எண்டு சொல்லயில்லை. கொஞ்சம் பொறுத்துக் குடு" என்று அவள் கும்பிட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

உன் பயண அனுமதிக் கடிதம் வந்தது மார்கழியில். கிறிஸ்மஸ் விடுமுறைக்குத்தான் உனக்கு லீவு. கார்ட் எந்த நாளும் வரலாம் என்கிறார் லோயர். வதனி வீட்டு வரவேற்பறையில் உன் மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மார்கழியிலை நல்ல காரியம் செய்யிறதில்லை. தை பிறக்கட்டுமே."

"தைக்கு முதல் கார்ட் வந்திட்டா?"

"வந்தா நல்லந்தானே?"

"வந்தாத்தான் அண்ணை பிழை!"

அவர் என்னை விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். இதே வாயால்தானே நான் முன்பு கார்ட் வரட்டும் என்று சொன்னேன்? அப்போது தேத்தண்ணித் தட்டோடு வந்த வதனி, தட்டை மேசையில் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, ஒரு மார்கழி எனக்குப் பிரச்சினை இல்லை. இன்னும் நாலு மார்கழி தனிய இருக்கிறதுதான் பிரச்சினை" என்றாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "கலியாண எழுத்தை மட்டும் இப்ப முடிப்பம். தாலியை ஆவணியிலை கோயில்ல வைச்சுக் கட்டுவம்" என்றார். அந்த மனிதருடைய மனத்தை நீ என்றைக்கும் மறக்கக்கூடாது. பனி கொட்டிய ஒரு காலையில், எங்கள் முன் அறையில், இரண்டு வீட்டாரும் நெருக்கியடித்து நிற்க நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்.

கார்ட் சித்திரையில் வந்தது. ஆவணியில் தாலி ஏறியது. அவளுடைய விசாவுக்கு இன்னும் சில மாதம் என்றார்கள். அது அடுத்த வருடத்துப் பங்குனிக்கு வந்து நின்றது. இவ்வளவு நாளும் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் தன் வேலைக்குப் போய் வந்துகொண்டு, சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் நின்றாள். என்னோடு வேலை செய்யும் குணம் போன வாரம் தன் மருமகனுக்காக என்னிடம் கேட்டான். "அண்ணை, உந்தக் கிறீன் கார்ட் எடுக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? எவ்வளவு காசு முடியும்?" லோயருக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காலத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் தடுமாறினேன். நாலு வருடத்துக்குக் கிட்ட என்று ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். அதற்குள் நீ வேண்டாம் என்ற பதவி, நீ வராத உன் பெரியம்மாவின் செத்தவீடு, தரையில் கிடந்த அந்த மெத்தை, இவற்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது? "மருமகனுக்குச் சொல்லு, முதல்லை ஒரு நல்ல கட்டில் வாங்கட்டாம்" என்றேன். அவன் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உன் காரைத் திருத்த விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காத்திருந்தபோது, "அப்பா, கலிபோர்னியாவிலை இருந்து ஒரு கொம்பனி கேக்குது. சம்பளம் ஒண்டரை மடங்கு" என்றாய். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி உன்னைப் போன்றவர்களை எல்லாரும் கூப்பிடும் நேரம் இது. கொஞ்சக் காலத்துக்கு இதே கொம்பனியில் இருப்பது நல்லது என்று லோயர் சொன்னதாகவும், அதற்குப் பிறகு போகலாம் என்று நினைப்பதாகவும் சொன்னாய். எனக்குச் சந்தோசம்தான். உனக்குக் கீழே இருந்தவன் மேலே போனதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த பிள்ளை நீ. "வதனிக்குச் சொன்னியோ?" என்று கேட்டேன். "அங்கை போய்ச் சேரட்டும் அப்பா. பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம்" என்றாய்.

ராசா, கார்ட் வந்துவிட்டது. ஆனால் அந்தப் 'பிறகு' இன்னும் உன் வாயை விட்டுப் போகவில்லை. வதனி இந்த வாரம் தன் வேலையை விட்டாள். அவளோடு வேலை செய்கிறவர்கள் கேக் வெட்டி அனுப்பினார்கள். மிச்சிகனில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்று, அங்கத்தைய பரீட்சையில் சித்தியடைந்தால் எடுக்கிறோம் என்று சொல்லியிருப்பதால் அவள் மாதக்கணக்காகப் படிக்கிறாள். கலிபோர்னியாவுக்குப் போனால் அங்கே வேறு அனுமதி, வேறு ஆஸ்பத்திரி, திரும்பவும் முதலாவது படி. நீ அங்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகலாம், அவளே போவோம் என்று சொல்லவும் கூடும். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அவளைக் காரில் ஏற்றாதே. உன்னுடைய முறைக்கு நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். இனி அவளுடைய முறை. அவள் படிக்கும் நாட்களில் நீ சமை. அவளுடைய பரீட்சை முடிவு வரும் நாளில் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் நில். காத்திருப்பது என்பது ஒருவரைத் தனியே விட்டுவிட்டு நாளை எண்ணுவது அல்ல, பக்கத்தில் இருந்துகொண்டும் காத்திருக்கலாம் என்பதை நான் பிந்தித்தான் படித்தேன்.

அவள் இப்போது குசினியில் அம்மாவோடு நிற்கிறாள். நாளைக்கு வழியில் சாப்பிட என்ன கட்டுவது என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படியால் இறங்கிவந்து உன் கையில் தந்துவிட்டு, ரயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பப் போகிறேன். வாசித்து முடித்ததும் நீ மேலே வா. வந்து, சாப்பிட இருப்பதற்கு முன்பே கலிபோர்னியாக் கதையை அவளிடம் சொல். கோபித்தால் கோபிக்கட்டும். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் நாளைக்குக் காரில் ஏற்ற வேண்டும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அப்பா